ஞாயிற்றுக் கறியைத் துண்டு போடுபவர்

ஆஷ்கோம்ப், சர்ரே
12 செப்டம்பர் 1954

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

நானும் ரெஜினால்டும் சுகம். அவருடைய முதுகுவலி வேலை நாட்களில் வந்துவிட்டு விடுமுறையில் போய்விடுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பாவின் இருமல் நின்றதா?

இங்குள்ள மாதர் சங்கத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள், வரும் மார்ச்சில். தலைப்பு: ‘குறையில்லாத ஞாயிற்றுக்கிழமை விருந்து.’ போன கூட்டத்தில் ஒரு பேராசிரியர் பிரமிடுகளைப் பற்றிப் பேசினார். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இறைச்சிக்கு ரேஷன் நீங்கிவிட்டதால் இந்தத் தலைப்புக்காவது விழித்திருப்பார்கள் என்று தலைவி நம்புகிறார். யார்க்‌ஷயரில் பிறந்தவள் என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி எதையும் அவர் காணவில்லை.

இந்த ஊரில் நம் யார்க்‌ஷயர் புட்டிங்கை முதலில் தனியாகத் தராமல் இறைச்சியோடு ஒரே தட்டில் வைக்கிறார்கள், அக்கா. மழையில் நனைந்த தொப்பி மாதிரி அது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அப்படித்தான் வைக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

சில ஞாயிறுகளில் சமையலறைக் கண்ணாடியில் ஆவி படியும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். நம் ஊர் ஹாலோபெக் வந்துவிடுகிறது. தெரு முழுக்க ஒரே வாசனை, யார் வீட்டு இறைச்சி என்று பிரிக்க முடியாத ஒரு பெரிய பழுப்பு வாசனை. கண்ணைத் திறந்தால் ரெஜினால்ட் நின்றுகொண்டு, கடுகு எங்கே என்று கேட்கிறார்.

விருந்துக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தொந்தரவு செய்யப்போகும் தங்கை,
ஐவி


ஹாலோபெக், யார்க்‌ஷயர்
26 செப்டம்பர் 1954

அன்புள்ள ஐவிக்கு,

அப்பாவுக்கு இருமல் இல்லை. என் முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்கிறது. இந்த ஊரில் அதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை.

முதலில் புட்டிங். தனியாக, கிரேவியில் மிதக்க, யாரும் பேசாமல் சாப்பிட வேண்டும். சட்டியில் கொழுப்பு புகைய ஆரம்பித்த பிறகே முட்டையும் பாலும் அடித்த மாவை ஊற்ற வேண்டும். அதற்கு முன் ஊற்றுகிறவர்கள் சர்ரேக்குக் குடிபோகலாம். நிறையப் புட்டிங் சாப்பிடுகிறவளுக்கே பெரிய கறித்துண்டு என்று அப்பா பந்தயம் கட்டுவாரே, நினைவிருக்கிறதா? நாம் போட்டி போட்டு விழுங்குவோம். கறி வரும்போது வயிற்றில் இடம் இருக்காது. ஆலை மேஸ்திரி சம்பளத்தில் அப்பா வாங்கிய இறைச்சி செவ்வாய்க்கிழமை வரை வந்தது அப்படித்தான்.

ஆலயத்துக்குப் புறப்படும் முன் இறைச்சி அடுப்பில் ஏறிவிட வேண்டும். பிரசங்கத்தின் பின்பாதியில் இங்கே உடல்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும், அது உனக்குத் தெரியும். ஒவ்வொருத்தியும் கண்ணை மூடித் தன் வீட்டு அடுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பாள். போதகர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொள்கிறார்.

இறைச்சி என்றால் விலா, எலும்போடு. கொழுப்பு வெண்ணெய் நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறார் கறிக்கடை மர்கட்ராய்ட். போதுமான நாள் தொங்கவிட்டு மென்மையாக்காத இறைச்சி, அழைக்காத விருந்தாளி மாதிரி முரண்டு பிடிக்கும் என்கிறார் மர்கட்ராய்ட். கடையில் கூட்டம் இல்லாதபோது அவர் இதையெல்லாம் விளக்கமாகச் சொல்வார்.

கறியைத் துண்டு போடுவது வீட்டுத் தலைவர் வேலை என்று அப்பா இன்னும் ஞாயிறுதோறும் கத்தியைத் தீட்டுகிறார்.

எப்போதும் உன் நலம் நினைக்கும்,
ஹில்டா


ஆஷ்கோம்ப்
10 அக்டோபர் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இலைகள் உதிர்கின்றன, ரெஜினால்ட் அவற்றை ஜன்னல் வழியாகக் கண்காணிக்கிறார்.

மாட்டு இறைச்சியைப் பற்றிக் கேட்டேன். உன் கடிதத்தில் மாட்டைவிடக் கறிக்கடைக்காரர் அதிகம் தென்படுகிறார். இவர் மனைவியைப் பறிகொடுத்த வால்ட்டர் மர்கட்ராய்ட்தானே? ஆலயத்தில் கனத்த குரலில், எப்போதும் ஒரு வரி பின்தங்கிப் பாடுவாரே, அவரா? கடைக்குப் போனால் இவ்வளவு நேரம் நிற்க உன் முழங்கால் சம்மதிக்கிறதா?

உருளைக்கிழங்கைப் பற்றியும் எழுது. கறிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை எங்கே சாப்பிடுகிறார் என்பதையும் எழுது. இரண்டாவது கேள்வி மாதர் சங்கத்துக்காக அல்ல.

ஆவலோடு,
ஐவி


ஹாலோபெக்
31 அக்டோபர் 1954

அன்புள்ள ஐவிக்கு,

நாங்கள் நலம். மூடுபனி தொடங்கிவிட்டது. காலையில் ஆலைப் புகைபோக்கிகளின் தலை மட்டும் தெரிகிறது. ஊர் எங்கோ கீழே தூங்குகிறது.

உருளைக்கிழங்கைப் பாதி வேகவிட்டு, வடித்து, மூடியைப் போட்டுப் பானையோடு குலுக்கு. ஓரங்கள் பஞ்சாக வேண்டும். பிறகு இறைச்சியிலிருந்து சொட்டிய கொழுப்பில் போடு. திருப்பும்போது காய்ந்த சருகை மிதித்த சத்தம் வர வேண்டும். குதிரைமுள்ளங்கியின் காரம் கண்ணில் ஏறும், அதை வீட்டுக்கு வெளியே நின்று துருவு, அழுவதற்குக் காரணம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். முட்டைக்கோஸ் வெந்தால் போதும், தண்டனை தேவையில்லை.

மர்கட்ராய்ட் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பிடுகிறார். தனி ஆள் ஒரு விலாத் துண்டை வறுப்பது வீண் அல்லவா.

தட்டுகளை நன்றாகச் சூடாக்கி வை. நான் இப்போது முன்பைவிட அதிகமாகச் சூடாக்குகிறேன், ஏனென்றால் அப்பா கறியைத் துண்டு போட நேரம் எடுத்துக்கொள்கிறார். இத்தனை வருஷம் ரேஷனில் உள்ளங்கை அளவு இறைச்சி. அதை யார் துண்டு போட்டாலும் ஒன்றுதான். இப்போது முழுத் துண்டு. அவர் அதற்கு மீண்டும் பழக வேண்டும். மர்கட்ராய்ட் அந்த நேரத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆவி படிந்த ஜன்னல், அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் பார்ப்பார்.

அன்புடன்,
ஹில்டா


ஆஷ்கோம்ப்
14 நவம்பர் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

உருளைக்கிழங்கு வெற்றி. ரெஜினால்ட் இரண்டு முறை கேட்டு வாங்கினார், மூன்றாம் முறை கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

இரண்டு கேள்விகள். அப்பாவின் கை நடுங்குகிறதா? வால்ட்டர் மர்கட்ராய்ட் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாரா?

அப்பாவை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் படிக்கட்டு செங்குத்து. ரெஜினால்டுக்கும் காலையில் அமைதி வேண்டும். தண்ணீரின் சுவையும் அப்பாவுக்குப் பிடிக்காது. நீ சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
ஐவி


ஆஷ்கோம்ப்
2 ஜனவரி 1955

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கும் அப்பாவுக்கும் இதமாக இருக்கட்டும். உன்னிடமிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் வந்தது. அதில் ஒரு குருவி பனியில் நிற்கிறது. அதுவும் எதுவும் சொல்லவில்லை.

இங்கே பனி கொட்டியிருக்கிறது. ரயில்கள் கம்பளி போர்த்திக்கொண்டு போவது போல ஓசையில்லாமல் போகின்றன. நேற்று ஒரு கனவு. நம் வீட்டு மேஜை ஆற்றில் மிதந்து போகிறது, கிரேவி நிறத்தில் தண்ணீர். நீயும் அப்பாவும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் கரையிலிருந்து கூப்பிடுகிறேன். அப்பா கையைக் காட்டுகிறார், முதலில் புட்டிங்கைச் சாப்பிடு என்பதுபோல.

கிறிஸ்துமஸ் விருந்து நாங்கள் ஹோட்டலில் சாப்பிட்டோம். கறியை ஒரு சிப்பந்தி துண்டு போட்டார். ரெஜினால்டுக்கு அது வசதியாக இருந்தது.

நீ நன்றாக இருக்கிறாயா? அதை மட்டும் எழுது, போதும்.

கவலையோடு,
ஐவி


ஹாலோபெக்
23 ஜனவரி 1955

அன்புள்ள ஐவிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கும் அப்பாவுக்கும். நவம்பரில் நீ கேட்ட இரண்டுக்கும் பதில் ஆம் என்பதுதான்.

வால்ட்டர் அக்டோபரிலேயே கேட்டார். கடையில், கல்லீரல் தட்டுக்கு மேலே சாய்ந்து கேட்டார். “மாடியில மூணு ரூம் சும்மாக் கிடக்கு, ஹில்டா. ஒண்ணுல நல்லா வெயில் வரும். அதை ஐயாவுக்குக் குடுத்துடலாம்,” என்றார். அடுத்து நின்ற அம்மாள் தன் சிறுநீரகத்தை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தாள். மாட்டுச் சிறுநீரகத்தைச் சொல்கிறேன்.

பிறத்தியார் கூரைக்குக் கீழே அப்பா ஒரு நாளும் போகமாட்டார். அவரை விட்டு நானும் போகமாட்டேன். ஆனால் வயிறு நிறைந்து, கணப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி, கண் பாதி மூடியிருக்கும் நேரத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு குறையும் இல்லாத விருந்து வேண்டும். நீ மாதர் சங்கத்துக்காகக் கேட்டாய். எனக்கு அது இதற்காகத் தேவைப்பட்டது. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்கு என்று நினைப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் துண்டு போட்டு முடிவதற்குள் கிரேவி ஆடை கட்டிவிடும்.

டிசம்பர் முதல் ஞாயிறு எல்லாம் கூடி வந்தது. புட்டிங் கூரையைத் தொடுவது போல எழுந்தது. அப்பா எழுந்து கத்தியைத் தீட்டினார். அது மட்டும் இன்னும் ஒழுங்காக வருகிறது. பிறகு கத்தி தட்டில் தந்தி அடிக்க ஆரம்பித்தது. ஒரு துண்டு மேஜைவிரிப்பில் விழுந்தது. நான் கிரேவியைப் பார்த்தேன். வால்ட்டர் ஜன்னலைப் பார்க்க மறந்துவிட்டார்.

“குடுங்க ஐயா, நான் பாத்துக்கறேன்,” என்று எழுந்து, அப்பா கையிலிருந்து கத்தியை வாங்கிவிட்டார்.

ஊருக்கே துண்டு போடுகிற கை, ஐவி. யாரோ தவறவிட்ட கையுறையைக் குனிந்து எடுத்துக் கொடுப்பது போலத்தான் செய்தார். ஆனால் ஒருவர் வீட்டில், அவர் மேஜையில், அவர் கையிலிருந்து அந்தக் கத்தியை வாங்குவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா கேட்டார்: “இது யார் வீடு?”

“உங்க வீடுதான், ஐயா.”

“அப்புறம் நீ ஏன் நிக்கிறே?”

வால்ட்டர் உட்கார்ந்துவிட்டார். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டார். கறி ஆறும் வரை வரவில்லை. வால்ட்டர் தட்டைத் தொடவில்லை. “கடையில நின்னு நின்னு கை தானாப் போயிடுச்சு, ஹில்டா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வருவதில்லை. நானும் அடுப்பில் எதையும் ஏற்றுவதில்லை. ஞாயிறுதோறும் கடையில் வாங்கிய, ஏற்கெனவே சீவிவைத்த குளிர்ந்த பன்றி இறைச்சி. ஆலயத்தில் இப்போது நான் பிரசங்கம் முழுவதையும் கேட்கிறேன். நீளமாக இருக்கிறது.

அன்புடன்,
ஹில்டா

பி.கு. உன் வீட்டுப் படிக்கட்டை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு செங்குத்தாக இருந்ததாக நினைவில்லை.


ஹாலோபெக்
20 பிப்ரவரி 1955

ஐவிக்கு அப்பா எழுதுவது.

சுகம். நீயும் அப்படியே இருப்பே. என் உடம்பு எப்படின்னு கேட்டு எழுதியிருந்தே. கைக்கு ஒண்ணுமில்ல. எழுத்து கோணலா இருந்தா அது பேனாவோட கோளாறு.

உங்க அக்கா சமைக்கறதை நிறுத்திட்டா. வாரா வாரம் குளிர்ந்த பன்னி. ஆலையில வேலைநிறுத்தம் பார்த்திருக்கேன், இந்த மாதிரி அமைதியா நடந்து பார்த்ததில்ல.

நல்ல விருந்துக்கு என்ன வேணும்னு நீ கூட்டம் போட்டுப் பேசப் போறியாம். கூட்டம் எதுக்கு? சூடான தட்டு. வாயை மூடிக்கிட்டு சாப்பிடற ஆளுங்க. துண்டு போடறவன் தன் வீட்டுல நிக்கணும். அவ்வளவுதான்.

மர்கட்ராய்ட் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. இறைச்சி நல்லாத்தான் குடுப்பான். அவன் மேஜையில அவன் வெட்டட்டும், யார் வேணாம்னா? என் மேஜையில வெட்டக் கூடாது. இதைப் புரிஞ்சுக்க ஒருத்தன் பள்ளிக்கூடம் போகணுமா?

உன் வீட்டுக்காரனைக் கேட்டதாச் சொல்லு. நீ புட்டிங்கைக் கறியோட வைக்கிறேன்னு கேள்விப்பட்டேன். இதுக்கு மேல எழுதல.

இனோக் ஹெல்லிவெல்
(உன் அப்பா)


ஆஷ்கோம்ப்
13 மார்ச் 1955

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். வெள்ளைப் பூக்கள் தலைகாட்டிவிட்டன. புட்டிங் விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டாய். அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

கூட்டம் முடிந்தது. எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டுதான் எழுந்தேன். புட்டிங்கில் தொடங்கினேன், உருளைக்கிழங்கு வந்தது, பிறகு எப்படியோ மூடுபனியும் ஆவி படிந்த ஜன்னலும் ஆலயத்தில் மூடிய கண்களும் வந்துவிட்டன. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. யாரும் தூங்கவில்லை. முடிந்ததும் ஒரு அம்மாள் எழுந்து, அடுப்பை எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மிகவும் சூடாக என்றேன்.

இத்துடன் அப்பாவின் கடிதத்தை வைத்திருக்கிறேன். படி. ‘அவன் மேஜையில அவன் வெட்டட்டும்.’ நீ டிசம்பர் வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவை நம் மேஜையில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்த்திருக்கிறாய். அந்த மேஜையில் அவர் நின்றுதான் ஆக வேண்டும், நடுங்கினாலும். இன்னொருவர் வீட்டில் விருந்தாளி உட்கார்ந்திருக்கலாம். யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்க வேண்டாம்.

வால்ட்டர் அப்பாவைத் தன் வீட்டு விருந்துக்கு அழைக்கட்டும். ஆள் அனுப்ப வேண்டாம். நேரில், வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி அழைக்கட்டும். உன் பெயரை எடுக்கவே கூடாது. இறைச்சியைப் பற்றி மட்டும் பேசட்டும்.

எங்கள் வீட்டில் மொத்தம் பதினொரு படிகள், அக்கா. இன்று காலை ஏறிப் பார்த்தேன். அவ்வளவு செங்குத்து இல்லை.

உன்,
ஐவி


ஹாலோபெக்
17 ஏப்ரல் 1955

அன்புள்ள ஐவிக்கு,

அப்பா கணப்புக்குப் பக்கத்தில் தூங்குகிறார். வெளியே மழை. இதை மடியில் வைத்து எழுதுகிறேன்.

வால்ட்டர் வியாழக்கிழமை வந்தார். நான் உள்ளே பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமைக்கு எங்கிட்ட ஒரு விலாத் துண்டு இருக்கு, ஐயா. தனியாத் தின்னா வீணாப்போகும்.”

“என்ன மாடு?”

அதற்குப் பிறகு அந்த மாட்டைப் பற்றியே பேசினார்கள். எந்தப் பண்ணை, என்ன மேய்ச்சல், யார் வளர்த்தது, அவன் தகப்பன் எப்பேர்ப்பட்ட ஏமாற்றுக்காரன் என்று. என் கையிலிருந்த தட்டு காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“வரேன்னு சொல்லல,” என்றார் அப்பா கடைசியில். “மழை இல்லாட்டிப் பாக்கலாம்.”

இன்று காலையிலிருந்து கொட்டுகிறது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஆலயத்துக்குப் போகாமல் வால்ட்டர் வீட்டு மாடியில் சமைத்தேன். இந்நேரம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கேஸ் அடுப்பு, ஐவி. நம் நிலக்கரி அடுப்பைப் போல முணுமுணுக்காது. ஒரே மூச்சாகச் சீறுகிறது. இடது ஓரத்துப் புட்டிங் கருகிவிட்டது. மற்றவை எழுந்து நின்றன. முதலில் புட்டிங் சாப்பிட்டோம், யாரும் பேசவில்லை. ஜன்னலில் ஆவி ஏறி, கூரைகளும் மழையும் மெல்ல அழிந்து, அந்த அறை மட்டும் எங்கோ மிதப்பது போல இருந்தது.

வால்ட்டர் எழுந்து துண்டு போட்டார். கனமான துண்டுகளுக்குப் பேர்போன ஆள், இன்று இலை இலையாகச் சீவினார். எனக்கும் அப்படி, தனக்கும் அப்படி, அப்பாவுக்கும் அப்படி. முள்கரண்டி மட்டும் போதும், கத்தி தேவையில்லை.

அப்பா ஒரு துண்டைக் குத்தித் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “இதுக்குப் பின்னாடி வேதப் புஸ்தகத்தை வெச்சா படிக்கலாம் போலிருக்கே.”

“அடுத்த தடவை கனமாப் போடறேன், ஐயா.”

“நான் குறை சொன்னேனா? போடு இன்னும் ரெண்டு.”

முள்கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். இன்னொரு கை மேஜைக்குக் கீழே, மடியில் சும்மா கிடந்தது. அது நடுங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை, வால்ட்டரும் பார்க்கவில்லை. கிரேவி கடைசி வரை சூடாக இருந்தது.

தட்டைத் தள்ளிவிட்டு அப்பா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். வெயில் வரும் என்று வால்ட்டர் சொன்ன பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது, அதையும் பார்த்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“ஹில்டா, இந்த அடுப்பு எப்படி?”

“இடது பக்கம் கருக்குதுப்பா.”

அப்பா அந்தத் திறந்த கதவை இன்னொரு முறை பார்த்தார்.

“பழகிக்கோ,” என்றார்.

உன் நலத்தையும் ரெஜினால்டின் முதுகையும் விசாரித்து,
ஹில்டா